கொழும்பில் பைக் கழுவுவது: வாளியா, பிரஷர் வொஷரா, சேர்விஸ் ஸ்டேஷனா, டீட்டெய்லிங்கா?

பைக்கை வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாமா, மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டால் போதுமா, அல்லது கொஞ்சம் காசு சேர்த்து, நுணுக்கமாகச் சுத்தம் செய்து பொலிஷ் போடும் டீட்டெய்லிங் கடையில் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் படலத்தைப் போட்டுவிட்டால் கவலை தீருமா? வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருப்பவருக்கும் கொட்டாஞ்சேனையில் ஒழுங்கை வீட்டில் இருப்பவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் ஒன்றுதான். அது கடல் உப்பு.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்குகளின் விலை ஏறியது. ஐந்து வருடத்தில் மாற்றலாம் என்று வாங்கிய பல்சரையும் டியோவையும் பத்து வருடம் ஓட்ட வேண்டிய நிலைமை பலருக்கு வந்தது. ஆகவே பைக் கழுவுவதை அதன் ஆயுளைக் கூட்டும் வேலையாகத்தான் நான் பார்க்கிறேன். பளபளப்பு அதோடு சேர்ந்து வந்தால் சந்தோஷம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அந்த வழியில் உப்பு போகிறதா என்பது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே ஊருக்குள் வீசும். மரைன் டிரைவ், காலிமுகத்திடல், முகத்துவாரம் பக்கம் நிறுத்தும் பைக்கின் கண்ணாடியில் விரலை வைத்தாலே பிசுபிசுப்புத் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டோ அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நனைந்துவிடும். கொழும்பில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல்தான். மழையே பெய்யாவிட்டாலும், கூரைக்குக் கீழே நின்றாலும், படிந்த உப்பு இரவிரவாக நனைந்து இரும்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உலர்ந்த துணியால் துடைத்தால் அது போகாது. தண்ணீரில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அரிப்பு முதலில் தொடங்கும் இடங்கள் கண்ணில் படாதவை: சைலன்ஸர் குழாயின் அடிவளைவு, நடு ஸ்டாண்ட், ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம், ஸ்போக் நிப்பிள்கள். மிகவும் செலவு வைப்பது முன் ஃபோர்க் குழாய். அதன் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துருக்குழி விழுந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒயில் சீல் அந்தக் குழியில் உரசிக் கிழியும். பிறகு ஒயில் கசியும். சீலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதுவும் கிழியும். கடைசியில் குழாயையே மாற்ற வேண்டும், அல்லது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் குழாய் தேடி அலைய வேண்டும்.

இரண்டாவது, பெயின்டில் கீறல் விழுகிறதா. மேலே இருக்கும் தெளிவான பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. மண்துகள் ஒட்டிய துணியால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே போதும், வெயிலில் பார்த்தால் டாங்கியில் வட்ட வட்டமாக நுண்கீறல் தெரியும்.

மூன்றாவது, தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறதா. சக்கர பெயாரிங், ஹாண்டில் பெயாரிங், சுவிட்சுகள், எயார் ஃபில்டர் பெட்டி, ஸ்கூட்டர் என்றால் பெல்ட் பெட்டியின் காற்று வழி. இங்கெல்லாம் கிரீஸைக் கழுவிவிட்டுத் தண்ணீர் உட்கார்ந்தால் பைக் வெளியில் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே தேயத் தொடங்கும்.

நான்காவதுதான் தீர்மானமானது என்று நினைக்கிறேன்: அதை உங்களால் எவ்வளவு அடிக்கடி செய்ய முடியும்? இடம், தண்ணீர், நேரம், காசு எல்லாம் இதற்குள் அடக்கம். வருடத்துக்கு ஒருமுறை செய்யும் மிகச் சிறந்த கழுவலைவிட, வாரத்துக்கு ஒருமுறை செய்யும் சாதாரணக் கழுவல் கரையோரத்தில் பைக்கை நன்றாகக் காக்கும்.

## வாளி, ஷாம்பு, துணி

முற்றமோ வாசலோ இருந்தால் இதுதான் என் முதல் தெரிவு. அழுத்தம் குறைந்த தண்ணீர் என்பதால் பெயாரிங்குக்கு ஆபத்து இல்லை. துணி உங்கள் கையில் இருப்பதால் கீறலும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வாளியில் கழுவினால் 40 லீற்றருக்குள் வேலை முடியும். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவினால் கால் மணி நேரத்தில் 150 லீற்றர் சர்வசாதாரணமாகப் போகும். நீர்வழங்கல் சபையின் ஒரு யூனிட் என்பது 1000 லீற்றர். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். வாராவாரம் ஹோஸ் பிடிப்பவர் பில்லில் அதைப் பார்க்கலாம்.

செய்முறையில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. எஞ்சின் ஆறும்வரை அரை மணி நேரம் பொறுங்கள். சூட்டில் ஷாம்பு காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். வெயில் ஏறுமுன் காலையில், அல்லது பின்னேரம் நிழலில் நிறுத்துங்கள். சைலன்ஸர் வாயையும் சாவித்துவாரத்தையும் மூடுங்கள். சைலன்ஸரில் வைத்த துணியைப் பிறகு எடுக்க மறக்க வேண்டாம்.

முதலில் வெறும் தண்ணீர், தாராளமாக. மேலிருந்து கீழே ஊற்றி, பிறகு மட்கார்டின் உட்பக்கம், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்ட், ஃபோர்க்கின் அடி என்று குனிந்து ஊற்றுங்கள். உப்பின் பெரும்பகுதி இந்த இடத்திலேயே போய்விடும். நேரமில்லாத வாரத்தில் இதை மட்டும் செய்தாலும் நல்லது.

அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியால் ஒரு பகுதியைக் கழுவியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் தோய்க்க வேண்டும். மண் முழுக்க அலசும் வாளியில் தங்கிவிடும், டாங்கிக்குத் திரும்பி வராது. பழைய பனியன் துணியை விட்டுவிட்டு மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் வேறு துணி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு மீண்டும் டாங்கியில் வைக்கவே கூடாது.

சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். இரண்டும் கிரீஸை எடுக்கச் செய்யப்பட்டவை. பெயின்டில் இருக்கும் வாக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிடும். வாகன ஷாம்பு ஒரு போத்தல் பல மாதம் வரும்.

துடைத்து உலர்த்திய பிறகு செயின். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துடைத்து, எஸ்.ஏ.ஈ. 90 கியர் ஒயிலோ செயின் ஸ்ப்ரேயோ உட்பக்கமாக விடுங்கள். ஓ-ரிங் செயின் என்றால் பெற்றோல் பக்கமே போக வேண்டாம், றப்பர் வளையங்கள் கெட்டுவிடும். எந்தச் செயினாக இருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும். எஞ்சினைக் கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கழுவி முடித்ததும் காலி வீதியில் நேரே ஏறிவிடாதீர்கள். டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் இருந்தால் முதல் சில பிடி பிடிக்காது. ஒழுங்கைக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவையுங்கள். ஐந்து, பத்து நிமிட ஓட்டம் இடுக்குகளில் நின்ற தண்ணீரையும் விரட்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே நேரம்தான். ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரம் போகும். இன்னும் இரண்டு விஷயங்கள் கொழும்பில் முக்கியம். வாளியில் மிச்சத் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள். டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும். மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் கலந்ததைக் கானில் ஊற்றாதீர்கள். மழைநீர்க் கான்கள் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகின்றன. பழைய போத்தலில் சேர்த்து வைத்து, ஒயில் மாற்றும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

## வீட்டுக்கு ஒரு பிரஷர் வொஷர்

வீட்டுப் பாவனைக்கான சிறிய மெஷின் பொதுவாக 100 பார் அளவில் வேலை செய்யும், நிமிடத்துக்கு 6 லீற்றர் போல் தண்ணீர் எடுக்கும். ஹோஸைவிடத் தண்ணீர் மிச்சம், அடிப்பக்கத்து உப்பும் சேறும் நன்றாகப் போகும், குனிந்து குனிந்து ஊற்றும் வேலையும் இல்லை. மழைக்காலத்தில் அவிசாவளைப் பாதையாலோ, வீதி வேலை நடக்கும் பக்கங்களாலோ தினமும் வருகிறவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் கையில் பலம் வந்ததும் கிட்டக் கொண்டுபோய் அடிக்கத் தோன்றும். அங்கேதான் பிரச்சினை. விசிறி போல் விரியும் நொசில் மட்டும் போட்டு, அரை மீற்றராவது தள்ளி நின்று அடிக்க வேண்டும். சக்கர நடு, ஹாண்டில் கழுத்து, சுவிட்ச், செயின், ரேடியேட்டர் தகடுகள், ஸ்டிக்கர் விளிம்புகள், ஏ.பி.எஸ். சென்சர், ஸ்கூட்டரின் பெல்ட் பக்கம் ஆகியவற்றை நேராகக் குறிவைக்கக் கூடாது. ஸ்கூட்டர் பெல்ட் நனைந்தால் அக்ஸலரேட்டர் முறுக்கினாலும் வண்டி இழுக்காது. நடுவீதியில் அது ஆபத்து.

வாங்குவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். மேல்தாங்கியிலிருந்து மெல்ல வரும் குழாய்த் தண்ணீர் பல மெஷின்களுக்குப் போதாது. பம்ப் காற்றை இழுத்துக் கெட்டுவிடும். 1400 வாட்ஸ் அளவு இழுக்கும் மெஷினை வயர் நீட்டிப்பில் கொடுத்து ஈரத்தில் பாவிப்பதும் சரியில்லை. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். ஒரு பைக்குக்காக மட்டும் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு காரோ, இன்னும் ஒரு பைக்கோ, கழுவ வேண்டிய முற்றமோ இருந்தால் கணக்குச் சரிவரும்.

## சேர்விஸ் ஸ்டேஷன்

இடமும் இல்லை, நேரமும் இல்லை என்பவர்களுக்கு இதுதான் வழி, அதில் தவறும் இல்லை. பைக்கைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் முழுக்க அடிப்பதால் உப்பு விஷயத்தில் நல்ல மதிப்பெண். கட்டணமும் தாங்கக்கூடியது.

கீறல் விஷயத்தில்தான் இது தோற்கிறது. காலையிலிருந்து வந்த வான், லொறி, முச்சக்கரவண்டி எல்லாவற்றையும் துடைத்த அதே ஸ்பொஞ்ச்தான் உங்கள் டாங்கிக்கும் வரும். வேலை செய்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் அடுத்த வாகனம் நிற்கிறது, அவருக்குப் பத்து நிமிடம்தான். கடைசியில் மினுக்கத்துக்காக எஞ்சினிலும் அடிப்பக்கத்திலும் டீசலோ ஒயிலோ அடிக்கும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. அன்றைக்குக் கறுப்பாகப் பளபளக்கும். இரண்டு நாளில் அதன்மேல் தூசு ஒட்டும், றப்பர் பாகங்கள் ஊறும், பிரேக் டிஸ்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

ஆகவே பைக்கை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றே விஷயத்தை மரியாதையாகச் சொன்னால் போதும்: “அண்ணை, பெயாரிங் பக்கம் கிட்ட அடிக்க வேண்டாம். டீசல் வேண்டாம். டாங்கியை நான் துடைக்கிறேன்.” கையில் ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணி கொண்டுபோனால் கீறல் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து செயினுக்கு ஒயில் விடுங்கள். பிரஷரில் கழுவிய செயின் ஒரே இரவில் செம்மஞ்சளாகும்.

## தண்ணீர் அதிகம் இல்லாமல் துடைப்பது

தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பைக் நிற்கிறது, அங்கே தண்ணீர் ஊற்ற நிர்வாகம் விடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இதுதான் பலரின் நிலைமை. இவர்களுக்கு அலசத் தேவையில்லாத வொஷ் திரவம் இருக்கிறது. அரை வாளித் தண்ணீரில் சில மூடி கலந்து, நனைந்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை மட்டும் பாவித்து, இன்னொரு துணியால் உலர்த்துவது. மெல்லிய தூசுக்கும் உப்புப் படலத்துக்கும் டாங்கியிலும் மற்றப் பெயின்ட் பாகங்களிலும் நன்றாக வேலை செய்யும்.

சேறு காய்ந்திருந்தால் இது வேண்டாம். மண்ணைப் பெயின்டின் மேல் இழுத்துக்கொண்டு போவதுதான் மிஞ்சும். அடிப்பக்கத்து உப்பும் இதில் போகாது. அதற்குத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் கைப்பம்ப் ஸ்ப்ரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கி, 5 லீற்றர் வெறும் தண்ணீரைக் கீழே அடித்துவிடலாம். வாகனம் கழுவ அனுமதித்த மூலை ஒன்று இருக்கிறதா என்று காவலாளியிடம் கேளுங்கள். பல கட்டடங்களில் இருக்கும். இல்லாவிட்டால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேர்விஸ் ஸ்டேஷன், இடையில் துடைப்பு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குச் சரி.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். உப்புப் படிந்த பைக்கைக் காற்றுப் போகாத கவரால் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று துரு வேகமாகப் பிடிக்கும்.

## டீட்டெய்லிங் கடையும் செராமிக் கோட்டிங்கும்

நல்ல கடையில் செய்வது வேறு தரம். கழுவி, பெயின்டில் ஊறிய இரும்புத்துகளைத் திரவம் போட்டு எடுத்து, களிக்கட்டியால் தேய்த்து ஒட்டிய அழுக்கை எடுத்து, மெஷின் பொலிஷ் செய்து, பிறகுதான் கோட்டிங். கரையோர ரயில் பாதைக்கு அருகில் நிறுத்தும் வெள்ளை பைக்கில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், தேய்த்துப் பார்க்க முன் இந்தக் கடைகளைக் கேட்பது நல்லது.

செராமிக் கோட்டிங் என்பது ஓரிரு மைக்ரான் தடிப்புள்ள கண்ணாடி போன்ற படலம். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு இலகுவாகப் போகும், காக எச்சம் பெயின்டை உடனே தின்றுவிடாமல் கொஞ்சம் அவகாசம் தரும். காகம் நிறைந்த இந்த நகரில் அது பெரிய விஷயந்தான். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் வெயிலில் சில மணி நேரத்திலேயே பூச்சில் தழும்பு விடும்.

விற்கும்போது சொல்லாத பகுதியும் இருக்கிறது. கோட்டிங் பெயின்டுக்குத்தான். ஃபோர்க் குழாய், போல்ட், செயின், ஸ்போக் எதையும் அது காக்காது. உப்பு அரிப்பது அந்த இடங்களைத்தான். கோட்டிங் போட்ட பைக்கையும் வாராவாரம் கழுவ வேண்டும், அதுவும் மென்மையான ஷாம்புவில். ஒவ்வொரு மெஷின் பொலிஷிலும் தெளிவான பூச்சு கொஞ்சம் குறையும் என்பதால் அடிக்கடி செய்யவும் முடியாது. மினுக்கமில்லாத மாட் நிற டாங்கி என்றால் பொலிஷ், வாக்ஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். தேய்த்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கினால் பழையபடி ஆக்க முடியாது. மாட் நிறத்துக்கென்று உள்ள கோட்டிங்கை மட்டும் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | உப்பு போகுமா | கீறல் ஆபத்து | தண்ணீர் உட்புகும் ஆபத்து | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வாளியும் துணியும் | நன்றாகப் போகும், குனிந்து ஊற்றினால் | குறைவு | மிகக் குறைவு | ஒரு மணி நேரம் |
| சொந்த பிரஷர் வொஷர் | மிக நன்றாக | குறைவு | கவனமில்லாவிட்டால் அதிகம் | மெஷின், நீரழுத்தம், மின்சாரப் பாதுகாப்பு |
| சேர்விஸ் ஸ்டேஷன் | மிக நன்றாக | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | காத்திருப்பு, டீசல் பூச்சு |
| அலசாத துடைப்பு | மேல்பகுதியில் மட்டும் | சேறு இருந்தால் அதிகம் | இல்லை | அடிப்பக்கத்துக்குத் தனி ஏற்பாடு |
| டீட்டெய்லிங் | அன்றைக்கு முழுதாக | மிகக் குறைவு | குறைவு | பெரிய தொகை, பராமரிப்பு தொடரும் |

## யாருக்கு எது

வாசலில் ஒரு குழாயும் பைக் நிறுத்த நிழலும் இருந்தால் வாளி. வேறு யோசனை தேவையில்லை. கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை, மகரகம, கடுவலை பக்கம் உள்ளே இருந்தால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். காலிமுகத்திடலில் பின்னேரம் முழுக்க நிறுத்தி வைத்திருந்தால் அன்றிரவோ மறுநாள் காலையோ வெறும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

நாள் முழுக்க உணவு டெலிவரி ஓடுபவருக்குச் சேர்விஸ் ஸ்டேஷன்தான் பொருத்தம். பைக் நிற்கும் நேரம் வருமானம் போகும் நேரம். டாங்கி கீறுவதைவிடச் செயினும் பிரேக்கும் சரியாக இருப்பது அவருக்கு முக்கியம். கழுவிய அன்று செயின் ஒயிலைத் தவறவிடாமல் இருந்தால் போதும். சுமார் 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதைத் தனியாகவும் செய்ய வேண்டும்.

புது பைக்கை இப்போதுதான் எடுத்தவர்கள் கோட்டிங் பற்றி யோசிக்கலாம். பெயின்ட் சுத்தமாக இருக்கும்போது பொலிஷ் வேலை குறைவு, செலவும் குறையும். எட்டு, பத்து வருடப் பழைய பைக்குக்கு அந்தக் காசைப் போடுவதைவிட ஒயில் சீல், செயின் ஸ்ப்ரொக்கெட், பிரேக் ஷூ என்று போடுவதுதான் நியாயம். விற்கப் போகிறீர்கள் என்றால் கோட்டிங் இல்லாமல் ஒரு முழு டீட்டெய்லிங் மட்டும் செய்தாலே பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

சரஸ்வதி பூசைக்கு வாகனத்துக்குச் சந்தனமும் குங்குமமும் விபூதியும் வைப்பவர்கள், மறுநாள் அதை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம். விபூதித் துகள் பெயின்டைக் கீறும். குங்குமம் மாட் நிறத்தில் கறையாக நிற்கும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தானாக வழிந்த பிறகு துணியைத் தொடுங்கள்.